எட்டில் எத்தனை மேகம்

அவர் வானத்தைப் பார்ப்பதற்கு முன் தன் நிழலைத்தான் பார்ப்பார். எங்கள் வீட்டு முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியை மூடிய கொங்கிரீட் தட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் ஏறி நின்று, கைக்கடிகாரத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து காலடியில் விழும் நிழலை உற்றுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தலை நிமிரும். முதல் தடவை பார்த்தபோது எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

"என்ன சேர், சாவி விழுந்திருச்சா?"

"இல்லைத் தங்கச்சி. நிழலுக்கு விளிம்பு இருக்கோ எண்டு பாக்கிறன்."

நல்ல ஆளைத்தான் வாடகைக்குப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எங்கள் வீடு ஹந்தானைக்கு ஏறும் பாதையில், தேயிலை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. வாசலில் நின்றால் கண்டி டவுன் முழுக்கத் தெரியும். என் வீட்டுக்காரர் ஒரு தேயிலை ஸ்டோரில் கிளார்க். ஒதுக்கமாக இருந்த அறையை வாடகைக்கு விட்டிருந்தோம். சண்டை நடந்த அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்து ஆள் என்றால் கண்டியில் லேசில் அறை கிடைக்காது. நாங்கள் கொடுத்தது பெரிய மனதால் அல்ல, ஆறு மாதமாக அறை சும்மா கிடந்தது. வெளியூர் ஆட்கள் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும். அதற்கான படிவத்தை அவரே நிரப்பிக் கொண்டுவந்தார். படிவத்தில் இருந்த இரண்டு அச்சுப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தியும் இருந்தார். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு வேறு படிவம் வாங்கப் போனார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை அந்தக் காலத்தில் வேண்டிய அளவுக்குப் பட்டியல்களில் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு அவர் சேர், அவ்வளவுதான். வடக்கில் வானிலை நிலையம் ஒன்றில் பதினெட்டு வருடம் மேகம் பார்த்து எழுதியவர். சண்டையில் நிலையமும் போய், இருந்த வீடும் போய், கண்டிக்கு வந்து ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துபவராகச் சேர்ந்திருந்தார். கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "அதுக்குக் காரணம் எனக்கே நிச்சயமாத் தெரியாது. தெரியாததைச் சொல்லக்கூடாது" என்றார். அச்சக வேலை பகல் இரண்டு மணிக்குத்தான். காலை நேரம் முழுவதும் அவருக்கும் வானத்துக்கும்தான்.

மாதம் ஒரு தடவை அவருக்கு வெளிநாட்டிலிருந்து கடிதம் வரும். அதற்குள் நேரங்கள் அச்சடித்த தாள் ஒன்று இருக்கும். இன்ன தேதி, இத்தனை மணி இத்தனை நிமிடத்துக்கு ஒரு செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே போகும் என்று. அது பூமியிலிருந்து திரும்பி வரும் வெயிலை அளக்கிறதாம். வெயில் பூமிக்கு வருகிறது, மேகத்தில் பட்டு ஒரு பங்கு மேலேயே திரும்பிப் போய்விடுகிறது, எந்த மேகம் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். அதே நிமிடத்தில் கீழே நிற்கிற ஆள் ஒருவர் என்ன மேகம், எட்டுப் பங்கு வானத்தில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது, நிழல் விழுகிறதா என்று எழுதி அனுப்ப வேண்டும். உலகம் முழுவதும் அப்படி எழுதுகிறவர்கள் இருந்தார்களாம். எங்கள் தண்ணீர்த் தொட்டியும் அதில் ஓர் இடம்.

"அத்தன கோடி செலவழிச்சு மேல அனுப்பின மெஷினுக்கு நம்ம கண்ணு எதுக்கு சேர்?"

"மேலையிருந்து பாத்தா மேகத்தின்ரை உச்சிதான் தெரியும். அடி தெரியாது. ரெண்டு அடுக்கு இருந்தாக் கீழடுக்கே இல்லை எண்டு நினைச்சுப்போடும். கீழை நிக்கிறவன்தான் சொல்ல வேணும்."

அன்றைக்கு மழைக்கு இருட்டிக்கொண்டு ஒரு மேகம் வந்தது. அதைக் காட்டி, "இது மேலேருந்து பாத்தாலும் இப்படிக் கருகருன்னுதான் இருக்குமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். "மேலை இதுதான் ஆகப் பெரிய வெள்ளை. கண் கூசும். வெயிலை எல்லாம் மேலையே திருப்பி விடுறபடியால்தானே எங்களுக்கு இருட்டாத் தெரியுது" என்றார். ஒரே மேகம், மேலே வெள்ளை, கீழே கறுப்பு. வெகு நாள் அதை நினைத்துக்கொண்டே துணி காயப்போட்டேன்.

கண்டதை எழுது, காணாததைக் காணவில்லை என்று எழுது. இதுதான் அவர். இதற்கு மேல் அவரைப் பற்றி ஒன்றும் இல்லை, இதற்குள்ளே எல்லாம் இருந்தது. அவர் குறிப்பேட்டில் கடைசி நிரல் காரணத்துக்கு. ஒரு நாள் பார்க்கத் தவறினால் "பார்க்கவில்லை" என்று எழுதி, ஏன் என்று அந்தக் கட்டத்தில் எழுதுவார். அதை மட்டும் வெறுமையாக விட மாட்டார். "மேற்படி" என்றும் போட மாட்டார். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தால் மூன்று வரியிலும் "காய்ச்சல்" என்று முழுசாக எழுதுவார். ஒரு நாள் ஊரடங்கு; காலையிலிருந்து ஓட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வீதியில் ஜீப் ஒன்று நின்றதால் அவர் வெளியே இறங்கவில்லை. "மழைன்னு எழுத வேண்டியதுதானே சேர், ஊருக்கே தெரியுமே" என்றேன்.

"மழையைக் கேட்டனான். காணேல்லை."

பனி மூடிய இன்னொரு நாள், முற்றத்தில் கொடிக்கயிறுகூடத் தெரியவில்லை. இன்றைக்காவது அகப்பட்டார் என்று நினைத்து, "இன்னிக்கு ஒண்ணும் தெரியாது, பார்க்கவில்லைன்னு எழுதிட்டு வந்து டீயைக் குடிங்க" என்று கூப்பிட்டேன். பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "மூடுபனி எண்டா தரையிலை இறங்கின மேகம், தங்கச்சி. நான் மேகத்துக்குள்ளை நிக்கிறன். பாக்கேல்லை எண்டு என்னெண்டு எழுதுறது? எட்டுக்கு எட்டு." தேநீர் ஆறிப்போன பிறகுதான் வந்தார்.

இந்தக் குணம் எல்லாருக்கும் வேடிக்கையாக இருக்கவில்லை. பக்கத்து வீட்டு நோனா நல்ல சிங்களப் பெண்மணி, விதவை. வேலித் தகராறு ஒன்றில் கிராம சேவகர் விசாரிக்க வந்தபோது, இந்த வேலி பத்து வருடமாக இதே இடத்தில்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி இவரைக் கேட்டாள். இவர் போய், "நான் வந்து ஒன்றரை வருடம். ஒன்றரை வருடமாக இங்கேதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்தார். நோனாவுக்கு ஓர் அடி நிலம் போயிற்று. அன்றிலிருந்து அவரோடு பேச்சு நின்றது. எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கொக்கிஸ் பலகாரமும் அத்தோடு நின்றது. என் மகள் அதற்காக அவர்மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தாள்.

எனக்கும் ஒரு தடவை கோபம் வந்தது. என் அப்பாவுக்கு நாவலப்பிட்டியில் ஒரு சில்லறைக் கடை இருந்தது. எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது வந்த கலவரத்தில் அதை எரித்தார்கள். பட்டப்பகல், தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். பிறகு விசாரணைக்கு வந்தபோது ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எதிர்க்கடைக்காரர், பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள், அப்பாவிடம் தினமும் வெற்றிலை வாங்கியவர்கள் எல்லாரும் "தெக்கே நே" என்றார்கள். பார்க்கவில்லை என்று அர்த்தம். சிங்களத்தில் நான் மறக்காத முதல் வார்த்தை அதுதான். இதை ஒரு நாள் அவரிடம் சொன்னேன். அனுதாபமாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், "நீங்கள் என்ன கண்டனீங்கள்?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்க வீட்டு ஜன்னல் வழியா புகையத்தான் பாத்தேன்."

"புகை என்ன நிறம்?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இது ஒரு கேள்வியா சேர்? எங்க வயிறு எரிஞ்சுச்சு, நீங்க நிறம் கேக்குறீங்க!" என்று கத்தினேன். ஆனால் என் வாய் தன்பாட்டில் பதில் சொன்னது. "மொதல்ல வெள்ளையா வந்துச்சு. எண்ணெ டின்னுக பத்துனதும் கறுப்பாயிருச்சு. சீனி எரிஞ்ச வாசம் வந்துச்சு."

"அதை எழுதி வையுங்கோ. தேதியும் நேரமும் போட்டு" என்றார். நான் எழுதவில்லை. ஆனால் அன்றிரவு, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, அந்தச் சீனி வாசம் மூக்கிலேயே நின்றது.

என் வீட்டுக்காரருக்கு வேறொரு பாடம். அவர் குடும்பமும் கலவரத்தைப் பார்த்ததுதான். "பொலிஸ்காரன்கிட்ட எதையும் பாத்தேன்னு சொல்லாத. பாத்தேன்னா அடுத்த கேள்வி வரும். பாக்கலன்னா அத்தோட முடிஞ்சிரும்" என்று கல்யாணமான முதல் வருடமே சொல்லிக் கொடுத்தார். எங்கள் ஆட்கள் அநேகம் பேர் அப்படித்தான் தலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். பதினொன்று ஆறுக்குச் செயற்கைக்கோள் என்று அவர் தேநீர் குடிக்கும்போதே சொல்லியிருந்தார். பதினொன்றுக்கே தட்டின்மேல் ஏறி நின்றுவிட்டார். நல்ல வெயில். அந்த நேரம் பார்த்துச் சமையலறைக் குழாய் கழன்று தண்ணீர் கூரைக்குப் பீய்ச்சி அடித்தது. "சேர்! சேர்! ஓடி வாங்க!" என்று அலறினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஓடி வந்து இரண்டு கையாலும் குழாயை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் துணி கிழித்துச் சுற்றிக்கொண்டிருந்தபோது டவுனிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அலமாரியில் சாப்பாட்டுத் தட்டுகள் அதிர்ந்தன. இரண்டு பேரும் தண்ணீரில் நனைந்தபடி ஒருவரையொருவர் பார்த்தோம். இடி என்று சொல்ல மேகம் இல்லை.

டவுனில் குண்டு வெடித்திருந்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று ரேடியோ சொல்லச் சொல்ல ஏறிக்கொண்டே போனது. எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செத்தவர்களுக்காக ஒரு பக்கம், அடுத்து என்ன வருமோ என்று மறுபக்கம். மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. என் வீட்டுக்காரர் லீவு போட்டார். மூன்றாம் நாள் காலை ஜீப் வந்து எங்கள் வாசலிலேயே நின்றது.

ஓர் இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும். அவருடைய அறையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். வெளிநாட்டுக் கடிதங்கள் வந்தன, நேரங்கள் அச்சடித்த தாள்கள் வந்தன, குறிப்பேடும் வந்தது. இன்ஸ்பெக்டர் தாளை எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துச் சிங்களத்தில் கேட்டார். "இந்த நேரங்களில் மேலே என்ன போகிறது?"

"செயற்கைக்கோள்" என்றார் சேர். அவருக்கு நல்ல சிங்களம் தெரியும், பிழையில்லாத சிங்களம்.

"கண்ணுக்குத் தெரியுமா?"

"பகலில் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத ஒன்று போகிற நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, தினமும் மொட்டைப் பாறை மாதிரி நின்று வானத்தைப் பார்க்கிறாய். ஹெலிகொப்டர் போகிற பாதை இது, தெரியுமா?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, குறுக்கே பாய்ந்தேன். "நெகத் மஹத்தயா! நெகத் நேரம்! சேர் நல்ல நேரம் பார்க்கிறவர்" என்றேன். மஹத்தயா என்றால் ஐயா, நெகத் என்றால் சிங்கள ஆட்களின் சுபநேரம். பொலிஸ்காரரானாலும் அதற்கு ஒரு மரியாதை உண்டு. கண்ணுக்குத் தெரியாத ராகுவுக்கே நேரம் குறிக்கிறோமே, செயற்கைக்கோளுக்குக் குறித்தால் என்ன? இன்ஸ்பெக்டரின் முகம் சற்று இளகியது. "ஜோசியரா?" என்று கேட்டார். தன் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பதாகக்கூடச் சொன்னார். ஒரே ஒரு தலையசைப்புப் போதும்.

"இல்லை. எனக்கு நெகத் தெரியாது. அந்த அம்மா பிழையாகச் சொல்கிறார்" என்றார் சேர்.

அவரை அப்படியே அறைந்துவிடலாம் போல இருந்தது.

இன்ஸ்பெக்டரின் முகம் பழையபடி இறுகியது. "குண்டு வெடித்த நேரம் எங்கே இருந்தாய்?" என்று கேட்டார். "இந்த வீட்டில்தான்." "யார் பார்த்தது?" சேர் மேசையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர்தான் என் பக்கம் திரும்பினார். "நீ பார்த்தாயா?"

என் வீட்டுக்காரர் கதவோரம் நின்றார். அவர் பின்னால் மகள் நின்றாள். பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். எவ்வளவு நாளாக இவனைத் தெரியும், கடிதம் யார் எழுதுகிறார்கள், நீயும் ஜீப்பில் ஏறு. குழாயைப் பிடித்த அந்த இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன. நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மம தெக்கே நே."

நாவலப்பிட்டித் தெரு முழுக்க என் வாயில் வந்து நின்றது. அவருக்காகப் பொய் சொல்ல ஒரு நிமிடத்துக்கு முன் தயாராக இருந்தவள், அவருக்காக உண்மையைச் சொல்லத் தயாராக இல்லை.

எதையும் திருத்தாமல் விடாத அந்த மனிதர் இதைத் திருத்தவில்லை. இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டைப் புரட்டி அந்தத் தேதியில் விரலை வைத்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, கூட வந்தவர்களுக்கும் தெரியாது. "இது என்ன? வாசி."

சேர் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். "பார்க்கவில்லை" என்று சிங்களத்தில் சொன்னார்.

"மற்ற நாளெல்லாம் பார்த்திருக்கிறாய். அன்றைக்கு மட்டும் ஏன் பார்க்கவில்லை?" விரல் கடைசிக் கட்டத்துக்கு நகர்ந்தது.

"மீதும" என்றார் சேர். மூடுபனி.

"டவுனில் நல்ல வெயில் அடித்தது."

"இது மேடு. இங்கே மீதும."

இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டை மேசைமேல் எறிந்தார். "பைத்தியக்காரன் கொப்பி" என்று சொல்லி, தாள்களையும் கடிதங்களையும் ஆளையும் கொண்டுபோனார். ஜீப்பில் ஏறும்போது சேர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாசல் படியில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு இங்கேயும் நல்ல வெயில்தான். மூடுபனி என்றால் பார்க்கவில்லை என்று எழுத மாட்டாரே. மூடுபனி என்றால் எட்டுக்கு எட்டு அல்லவா? குறிப்பேட்டைத் திறந்தேன். அவருடைய சின்ன, நேரான எழுத்து. "11.06. பார்க்கவில்லை. காரணம்: வீட்டுத் தங்கச்சி கூப்பிட்டார். சமையலறைக் குழாய் கழன்றது. பிடித்துக்கொண்டிருக்கையில் டவுனில் வெடிச்சத்தம். வெளியே வந்தது 11.13." அதை அப்படியே வாசித்திருந்தால் அவர் இருந்த இடத்துக்கு எழுத்திலேயே அத்தாட்சி. வாசித்திருந்தால் நான் பொய்க்காரி, ஜீப்பில் எனக்கும் இடம். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அதை எனக்காகச் சொல்லியிருந்தார்.

"அடுப்புல போடு" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்தக் காலத்தில் எழுதின தாள் எதுவானாலும் முதலில் அடுப்புத்தான் ஞாபகம் வரும். நான் அதை அரிசி டின்னுக்குள் புதைத்தேன். புதைத்துவிட்டு அந்த அரிசியைத்தான் தினமும் அளந்து சமைத்தேன். மாதத்தின் மீதி நாட்களுக்குரிய நேரங்களை அவர் முன்கூட்டியே அதில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். எனக்கு அது தெரியும். காலையில் அந்த நேரம் நெருங்கும்போது முற்றத்துக்குப் போகாமல் உள்ளேயே ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பேன். அச்சகத்திலிருந்து ஆள் வந்து விசாரித்தபோது தெரியாது என்றேன். மகள் கேட்டபோதும் தெரியாது என்றேன். இப்படிப் பத்தொன்பது நாள் போயிற்று. பயந்துகொண்டிருந்தேன் என்று சொல்வதைத் தவிர இதற்கு எனக்கு வேறு சமாதானம் கிடையாது.

இருபதாம் நாள் காலை பக்கத்து வீட்டு நோனா வந்தாள். அவரோடு பேசாமல் போன அதே நோனா. கதிரையில்கூட உட்காரவில்லை.

"அந்த மனுசன் என் வேலிக்கே பொய் சொல்லவில்லை. ஓர் அடி நிலம் போயிற்று எனக்கு. அப்படிப்பட்டவன் குண்டு வைக்கிறவனா? நானே போய்ச் சொல்வேன். ஆனால் நான் அன்றைக்கு அவனைப் பார்க்கவில்லையே" என்றாள் சிங்களத்தில். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "நீ வீட்டில்தானே இருந்தாய். நீயும் பார்க்கவில்லையா?"

நான் உள்ளே போய் அரிசி டின்னுக்குள் கையை விட்டேன். குறிப்பேட்டைத் தட்டித் துடைத்து, ஒரு பேனையும் எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். எழுத வேண்டியதை எழுதினேன், கால் மணிநேரம் ஆயிற்று. நோனா வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். சேலையை மாற்றிக்கொண்டு நான் வெளியே வந்தபோது என் வீட்டுக்காரரும் எழுந்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார். பாதி வழியில் என் பக்கத்தில் வந்து நடந்தார்.

பொலிஸில் தமிழ் வாசிக்கிற முஸ்லிம் கிளார்க் ஒருவரைக் கூப்பிட்டு அந்த வரியை வாசிக்கச் சொன்னார்கள். அவர் வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டரின் காது சிவந்தது.

"மீதும என்று சொன்னானே?"

"பொய் மஹத்தயா. என்னைக் காப்பாற்றச் சொன்னது. நான் பார்த்தேன். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், சத்தம் கேட்டபோது என் முன்னால்தான் நின்றார்."

"அன்றைக்கு ஏன் பார்க்கவில்லை என்றாய்?"

"மட்ட பய உணா" என்றேன். எனக்குப் பயமாக இருந்தது.

அதையும் எழுதிக்கொண்டார்கள். பொய் வாக்குமூலத்துக்கு உள்ளே போடலாம் என்று மிரட்டினார்கள். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நோனா ஒரு பக்கமும் என் வீட்டுக்காரர் மறுபக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். விளக்குப் போடுகிற நேரத்தில் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, போகச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து குறித்த நேரத்துக்கு நான் தட்டின்மேல் ஏறினேன். அவருடைய கடிகாரம் என் கையில் தொளதொளவென்று ஆடியது. அடுத்த மாதத்துக்கான கடிதமும் வந்தது, பிரித்து ஒட்டிய அடையாளத்தோடு. அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு நேரங்களைக் குறிப்பேட்டில் ஏற்றினேன்.

அவர் வர இன்னும் இரண்டரை மாதம் ஆயிற்று. ஒரு காலை, பாதையில் ஏறி வருகிற ஆளைப் பார்த்து யாரோ வயதானவர் என்று நினைத்தேன். முன்படியில் உட்கார்ந்தார். நான் ஏதோ கேட்டேன், அவர் தலையை மறுபக்கம் திருப்பிக் காட்டினார்.

"இந்தப் பக்கத்தாலை கதையுங்கோ தங்கச்சி. இடது காது எட்டிலை ரெண்டுதான் கேக்குது."

உள்ளே என்ன நடந்தது என்று என்றைக்கும் சொல்லவில்லை. தேநீரைக் கையில் கொடுத்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, "கொப்பி இருக்கோ?" என்று கேட்டார்.

முதலில் நான் பார்த்து எழுதிய பக்கங்களை வாசித்தார். "இதெல்லாம் கண்டதோ?" "கண்டதுதான் சேர். நெழலு மொதக்கொண்டு." தலையாட்டினார். பிறகு முன்பக்கம் திருப்பினார். அந்தப் பத்தொன்பது நாட்கள். ஒவ்வொரு வரியிலும் அவருடைய பென்சில் நேரம், அதற்கெதிரே என் எழுத்தில் "பார்க்கவில்லை", கடைசிக் கட்டத்தில் "பயம்". பார்க்கவில்லை, பயம். பார்க்கவில்லை, பயம். ஒன்றுக்கும் மேற்படி போடவில்லை.

ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார், ஒரே வார்த்தைதானே என்று தாண்டிப் போகவில்லை. "இதை அப்பிடியே அனுப்பலாமோ?" என்று கேட்டார். "அனுப்புங்க சேர்" என்றேன். அன்று மத்தியானமே வெளிநாட்டுக்குப் போகிற படிவத்தில், பத்தொன்பது வரியிலும் அதே காரணத்தை ஆங்கிலத்தில் முழுசாக எழுதினார். மேலே போகிற அந்த மெஷினுக்கு அந்த நாட்களில் கண்டி எவ்வளவு வெள்ளையாகத் தெரிந்ததோ எனக்குத் தெரியாது. கீழே இருந்தது இதுதான்.

படிவத்தை மடித்து உறையில் போட்டபின் மறுபடியும் குறிப்பேட்டை எடுத்தார். குண்டு வெடித்த தேதிக்குப் போனார். சிவப்புப் பேனையைத் திறந்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. என் வாழ்க்கையில் எனக்காக யாராவது ஒரு பொய் சொன்னார்கள் என்றால் அது ஒன்றுதான். அதை மட்டும் திருத்தாமல் விடுங்கள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அவருக்குக் கேட்கிற காதின் பக்கம் நான் சுற்றி வருவதற்குள், அந்தக் கட்டத்தின் கீழே இடுக்கி எழுதி முடித்துவிட்டார்.

"பொலிசுக்கு மூடுபனி என்று வாசித்தது பிழை. நல்ல வெயில்."